தலைவரின் கையசைவு

கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழில் முனைவோர் கலை மேம்பாட்டுக் கழகத்தின் தலைவர் அரசப்பன் இயந்திரக் கண்காட்சி பார்க்க ஜெர்மனிக்குப் போயிருந்தார். அந்த ஊர்க்காரர்கள் அவரை ஒரு கச்சேரிக்கு அழைத்துப் போனார்கள். மேடையில் ஒரு பெருங்கூட்டம் உட்கார்ந்து வாசித்தது. அரசப்பனுக்குப் பாதியில் தூக்கம் வந்துவிட்டது. கைதட்டல் கேட்டு விழித்தபோது பூங்கொத்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசித்தவர்களில் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சபைக்கு முதுகைக் காட்டி நின்று குச்சி ஆட்டிய மனிதருக்குக் கொடுத்தார்கள்.

ஊர் திரும்பியதும் செயற்குழுவில் அவர் இதை விவரித்தார்.

"வேலை செய்றவன் அத்தினி பேரும் உக்காந்துக்கினு வாசிக்கிறான். பூ ஒருத்தனுக்கு. அவன் கையில வாத்தியமே இல்ல. நம்ம கம்பெனி மாதிரியே இருந்துச்சு. இவ்ளோ நாளா நம்மளுக்குத் தெரியாம பூட்ச்சே."

செயற்குழு ஒருமனதாக வருந்தியது.

செயலாளர் எம்பார் போட்டி அறிவிப்பை எழுதினார். திருவள்ளூர்க்காரர். ஒரு பெரிய கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேராகச் சொன்னால் அதன் மதிப்பு குறைந்துவிடும் என்று நம்புகிறவர். நமது தொழிற்பேட்டையின் ஒரு நாளைச் சொற்களின்றி விவரிக்கும் பல்லியப் படைப்பு வரவேற்கப்படுகிறது என்று தொடங்கினார். சொற்களின்றி விவரிப்பது எதை என்று சொற்களில் இரண்டு பக்கம் எழுதி இணைக்க வேண்டும் என்று முடித்தார். தேர்ந்தெடுக்கப்படும் படைப்பு ஆண்டு விழாவில் முழு வாத்தியக் குழுவுடன் அரங்கேறும்.

அறிவிப்பைத் தொழிற்சாலை வாசல்களில் ஒட்டினார்கள். பல்லியம் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இலவசப் பல் மருத்துவ முகாம் என்று நினைத்துப் பெயர் கொடுக்க நிறையப் பேர் வந்தார்கள். ஆரம்பாக்கத்து ராபினும் அப்படித்தான் நினைத்தான். அவன் ஓர் இரும்பு உருட்டாலையில் கிரேன் ஓட்டுகிறவன். கடைவாய்ப் பல் படுத்திக்கொண்டிருந்ததால் அறிவிப்பைப் போனில் படம் பிடித்து வந்து மனைவியிடம் காட்டினான்.

ஹெலன் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"இது பல்லு இல்லீங்க. ஆர்கெஸ்ட்ரா."

"ஆர்கெஸ்ட்ராவா? யாரு பாடுறா?"

"யாரும் பாட மாட்டாங்க. வாத்தியம் மட்டும்."

"பாட்டே இல்லாத ஆர்கெஸ்ட்ராக்கு எவன் வருவான்?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டான் ராபின்.

ஹெலன் நிமிர்ந்து பீரோவைப் பார்த்தாள். அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் பள்ளியில் இசை ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவள். சின்ன வயதில் சென்னைக்கு ரயிலில் போய் வந்து மேற்கத்திய இசை முறையாகப் படித்தாள். அதன் பிறகு எழுதியதெல்லாம் ஆண்டு விழா வரவேற்புப் பாட்டும் மழலையர் வகுப்புக்குக் கிழமைகள் பாட்டும்தான். ஆனால் பீரோவின் மேல்தட்டில், முழு வாத்தியக் குழுவுக்காக அவள் எழுதிய தாள்கள் ஒரு கட்டு இருந்தது. அந்தத் தாள்களில் இருந்த வயலின்களை அவள் ஒரு நாளும் காதால் கேட்டதில்லை. கேட்காமலே செத்துப்போவோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுதினாள். விடியற்காலை ரயில் வருவதில் தொடங்கினாள். ஷிப்ட் மாறும் நேரத்து வாசல் நெரிசல், புகை, தொழிற்சாலைகளின் பின்புறமாக ஓடும் வாய்க்கால், கடைசியில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் தேய்ந்து மறையும் ரயில். முடித்த அன்று ராபினுக்குக் கீபோர்டில் வாசித்துக் காட்டினாள்.

"நம்ம ஏரியா மாதிரியேதான் கீது" என்றான் அவன். அவள் பெற்ற பாராட்டுகளில் அதுதான் பெரியது.

போட்டிக்கு வந்தவை மூன்று. ஒன்று பக்திப் பாடல். இன்னொன்று ஒருவர் தன் லேத் பட்டறைச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பியது. ஆகவே ஹெலனை அழைத்தார்கள்.

அரசப்பனின் தொழிற்சாலையிலேயே கழகத்தின் அலுவலகம். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பைக் காய்ச்சி அடிக்கும் கூடம். சம்மட்டி இறங்கும்போதெல்லாம் மேசையில் இருந்த டீ நடுங்கும். ஹெலன் கீபோர்டை வைத்து வாசிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அரசப்பன் கையைத் தூக்கினார்.

"இந்த எடத்துல அடியில கொர்ருன்னு ஒண்ணு போவுதே, அது இன்னா டீச்சர்?"

"புகை சார். செல்லோவுல வரும், பெரிய வயலின் மாதிரி."

"நம்ம பொகை கறுப்பு இல்லம்மா. வெள்ளை. செவத்துல சர்டிபிகேட்டு மாட்டிக்கீது பாருங்க. மேல ஏத்தி வாசிக்கச் சொல்லுங்க."

புகை புல்லாங்குழலுக்குப் போனது. விவரிப்பில் புகை என்று எழுதாமல் மேகங்களோடு நட்பு என்று எழுதலாம் என்றார் எம்பார்.

அடுத்த கூட்டத்தில் வாய்க்கால் வந்தது. ஒரே மெட்டு, ஆனால் அடிக்கடி சுருதி மாறிக்கொண்டே போகும். ஏன் என்று எம்பார் கேட்டார்.

"ஒவ்வொரு கம்பெனியைத் தாண்டும்போதும் தண்ணி கலர் மாறுது சார். அதான்."

சுவருக்கு அந்தப் பக்கம் சம்மட்டி ஒரு முறை இறங்கியது. பிறகு எம்பார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, உங்கள் திறமையில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சுருதி மாறினால் கழகத்துக்குள் ஒற்றுமை இல்லை என்று வெளியே பேசுவார்கள். நமது வாய்க்கால் என்றைக்கும் ஒரே சுருதியில்தான் ஓட வேண்டும்."

அதற்கடுத்த கூட்டத்துக்குப் பாதுகாப்பு அதிகாரி பீட்டர் ஒலி அளக்கும் கருவியோடு வந்தார். ஜால்ரா அடிக்கும் இடத்தை வாசிக்கச் சொல்லி அளந்தார்.

"எண்பத்தஞ்சு டெசிபலைத் தாண்டுது மேடம். எங்க வளாகத்துல இது அலவுடு இல்ல."

அந்த நேரம் பார்த்துச் சம்மட்டி இறங்கியது. கருவி கண்டபடி சிவந்தது. சத்தம் அடங்கும்வரை பீட்டர் அதன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

"அது மெஷினு. அதுக்குத் தனிப் பிரிவு" என்றார். பிறகு ஜால்ரா வாசிப்பவர் ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று குறிப்பு எழுதினார்.

கடைசியாக முடிவுக்கு வந்தார்கள். அரசப்பனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"எல்லாரும் ரயிலேறிப் போயிட்ட மாதிரி முடியுதே. எதுக்குப் போறாங்க?"

"ஷிப்ட் முடிஞ்சிடுச்சு சார்."

"ஆர்டரு இருக்கும்போது ஷிப்ட் எப்பிடிம்மா முடியும்? அதை எடுத்துடுங்க. வாசிச்சுக்கினே இருக்கட்டும்."

ஒவ்வொரு முறையும் ஹெலன் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மாற்றி எழுதினாள். ஒவ்வொரு முறையும் தன் கையாலேயே தன் துணியைக் கிழிப்பதுபோல் இருந்தது. ஆனாலும் வயலின்கள் மிச்சம் இருந்தன. அவை மேடையில் உயிரோடு ஒலிக்கப் போகின்றன என்று நினைத்துத் தேற்றிக்கொண்டாள்.

விழாவுக்கு முந்தின மாதம் ரயில் நிலையத்துக்கு எதிரே பெரிய பேனர் எழுந்தது. கையில் குச்சியுடன் அரசப்பன் நின்றுகொண்டிருந்தார். இசையமைத்து நடத்துபவர்: தொழிற்செம்மல் அரசப்பன். அடியில், பேனர் அச்சடித்தவரின் போன் நம்பருக்குப் பக்கத்தில், எழுத்து உதவி: ஹெலன்.

ஹெலன் நேராகக் கழகத்துக்குப் போனாள். எம்பார் அவளை அன்போடு உட்காரவைத்தார்.

"நிதானமாக யோசித்துப் பாருங்கள். புகையை மேலே ஏற்றியது யார்? தலைவர். வாய்க்காலை நிலைநிறுத்தியது யார்? செயற்குழு. நீங்கள் அதைத் தாளில் எழுதினீர்கள். வீட்டுக்கு யார் பெயரை வைக்கிறோம்? கொத்தனார் பெயரையா?"

"எழுதினது நான் சார். ஒவ்வொரு ஸ்வரமும்."

அரசப்பன் குறுக்கே பேசினார். அவருக்குக் கோபம் இல்லை. விளக்கம் சொல்கிற பொறுமை இருந்தது. "இங்க ராடு அடிக்கிறவன் எத்தினி பேரு தெரியுமா? ராடு மேல எம் பேருதான் இருக்குது. ஒருத்தன் வந்து கேட்டானா? உங்க பேரையாவது போட்டுக்கீறோம். அப்புறம் டீச்சர், உங்க ஸ்கூல் தாளாளர் நம்ம கழகத்துப் பொருளாளர்தான். தெரியும்ல?"

தெரியும் என்றாள் ஹெலன்.

வீட்டுக்கு வந்து கருவாடு கழுவ உட்கார்ந்தாள். கழுவிக்கொண்டே இருந்தாள். ராபின் வந்து பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டான்.

"உட்டுடு. பெரிய எடம். ஸ்டிரைக்கு பண்ணா உன்னைத்தான் தூக்குவாங்க."

"உட மாட்டேன்."

"அப்ப இன்னா பண்ணுவ? எங்க மில்லுல ஒரு தபா ஸ்டிரைக்கு பண்ண உடல. பண்ணா வேலை போயிடும்னான். சரின்னு எல்லாரும் ரூல்ல இன்னா போட்டுக்கீதோ அதை மட்டும் செஞ்சோம். ரூல்ல செயின செக் பண்ணணும்னு கீது, ஒவ்வொரு கண்ணியா செக் பண்ணோம். சூப்பர்வைசர் சொன்னா ஒழிய கையை அசைக்கல. ஒரு நாள்ல மில்லு நின்னு போச்சு. எவனையும் தூக்க முடியல. சொன்னதைத்தானே செஞ்சோம்?"

ஹெலன் கையில் கருவாட்டோடு அவனைப் பார்த்தாள். அன்று முழுக்க இல்லாத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது. அந்தச் சிரிப்பு ராபினுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

மறுநாள் அவள் அரசப்பனைப் பார்த்து வாழ்த்துச் சொன்னாள். குச்சி பிடிக்கத் தானே கற்றுக்கொடுப்பதாகவும் சொன்னாள். அவர் மகிழ்ந்தார். பாடம் அவர் அலுவலகத்திலேயே நடந்தது. ஆரம்பிப்பது எப்படி என்று காட்டினாள், கற்றுக்கொண்டார். கையை உயர்த்திச் சத்தத்தை ஏற்றுவது எப்படி என்று காட்டினாள், அதையும் கற்றுக்கொண்டார். குறைப்பதைக் காட்டப் போனபோது வேண்டாம் என்றார்.

"கொறைக்கிறது நம்ம பாலிசி இல்லம்மா."

"நிறுத்தறதாவது பாத்துக்குங்க சார்."

"அதெல்லாம் அவுங்களே நிறுத்திக்குவாங்க. சம்பளம் வாங்கறாங்க இல்ல?"

வாத்தியக் குழுவை ஹெலன்தான் திரட்டியிருந்தாள். வயலின்காரர்கள் திருநின்றவூர் சர்ச்சிலிருந்து வந்தார்கள். டிரம்பெட்டும் டிராம்போனும் கல்யாண பேண்டு செட்டிலிருந்து வந்தன. பாதிப் பேர் பகலில் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிகள். ஒத்திகைக்கு மணவாள நகரில் ஒரு டியூஷன் சென்டர் கிடைத்தது. அங்கே கதவைச் சாத்திவிட்டு நடந்ததை எல்லாம் அவர்களிடம் சொன்னாள். தாள வாத்தியக்காரன் பென்னி, அரசப்பன் கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் இருப்பவன், பீட்டர் போடச் சொன்ன ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"அப்ப தப்புத்தப்பா வாசிக்கணுமாக்கா?"

"ஒரு தப்பும் வரக்கூடாது. அவரு கை இன்னா சொல்லுதோ அதை வாசிங்க. மேல போனா மேல. வேகமாப் போனா வேகமா. யாரைக் காட்றாரோ அவங்க. கை நின்னா நிறுத்துங்க. கண்டக்டருக்குக் குடுக்கிற மரியாதை அதான்."

அரசப்பன் ஒத்திகைக்கு வந்த நாட்களில் மட்டும் அந்த மரியாதையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தாள். அவர் குச்சியை எப்படி ஆட்டினாலும், கீபோர்டின் முன் உட்கார்ந்திருந்த ஹெலனின் தலையசைப்பைப் பார்த்து எல்லோரும் ஒழுங்காக வாசித்தார்கள். அரசப்பன் எம்பாரிடம் தனியாகச் சொன்னார்: "எனக்குள்ள இது பொறவிலயே இருந்துக்கீது. தொழில்ல எறங்கி வேஸ்ட் பண்ணிட்டேன்."

விழா திருவள்ளூரில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் நடந்தது. தொழிலாளர்களைக் கம்பெனி பஸ்களில் ஏற்றி வந்திருந்தார்கள். வராவிட்டால் ஆப்சென்ட். முன் வரிசையில் தில்லியிலிருந்து வந்த உயர் அதிகாரி அம்மா, இரண்டு பக்கமும் செயற்குழு. மேடை ஓரத்தில் எம்பார் மைக் பிடித்து நின்றார். விவரிப்புத் தாளை அவர் இசையோடு சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு.

அரசப்பன் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். குச்சியை உயர்த்தினார். ரயில் அழகாகக் கிளம்பியது. அவர் முகத்தில் ஒளி வந்தது. தான் எப்படி இருக்கிறோம் என்று அதிகாரி அம்மாவைத் திரும்பிப் பார்த்து மரியாதையாகக் குனிந்தார்.

கை கீழே போனது. இசையும் கீழே போய் மூச்சுப் பிடித்துக்கொண்டு முனகியது.

"இங்கே விடியலின் எழுச்சியைக் கேட்கிறோம்" என்று எம்பார் வாசித்தார்.

அரசப்பன் பதறி நிமிர்ந்தார். கோட்டின் தோள்பட்டை நழுவியது, தூக்கிவிட்டார். டிரம்பெட்டுகள் பிளிறின. காதோரம் கொசு ஒன்று வந்தது, தட்டினார். பென்னி பெரிய டிரம்மை ஒரு போடு போட்டான். கொசு மறுபடியும் வந்தது. மறுபடியும் தட்டினார்.

"தொழிலாளர் நலனில் கழகத்தின் தொடர்ந்த அக்கறை" என்றார் எம்பார்.

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அரசப்பன் மெதுவாக வாசிக்கும்படி உள்ளங்கையைப் படபடவென்று மேலும் கீழும் ஆட்டினார். இசை படபடவென்று ஓடியது. அவர் பயத்தில் இன்னும் வேகமாக ஆட்டினார். வயலின்காரர்களின் வில் கண்ணுக்குத் தெரியவில்லை. வியர்வையைத் துடைக்கக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலாக உச்சத்துக்கு ஏறினார்கள். அவர் துடைத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்கள்.

"நிர்வாகத்தின் தெளிவான வழிகாட்டுதல்" என்றார் எம்பார். தாளில் அப்படித்தான் இருந்தது. மண்டபம் மொத்தமும் சிரித்தது. பஸ்ஸில் ஏற்றி வரப்பட்டவர்கள் ஆண்டு விழாவில் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

அரசப்பன் கீபோர்டின் முன் இருந்த ஹெலன் பக்கம் சாய்ந்து பல்லைக் கடித்தார். "இன்னாம்மா பண்றானுங்க?"

"நீங்க காட்றதைத்தான் சார் வாசிக்கிறாங்க" என்றாள் ஹெலன் பணிவாக.

"நிறுத்தச் சொல்லு."

"நீங்கதான் சார் நிறுத்தணும். நான் எழுத்து உதவி."

அவர் குச்சியைக் கோட்டுப் பைக்குள் செருகி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். சட்டென்று மண்டபம் நிசப்தமானது. அதிகாரி அம்மா முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார். அரசப்பன் நிம்மதியாகக் காதைச் சொறிந்தார். ஒரு கிளாரினெட் கீச்சென்றது. கையை எடுத்தார். அது நின்றது. சந்தேகத்தில் மறுபடியும் சொறிந்து பார்த்தார். மறுபடியும் கீச்சென்றது. அதற்குப் பிறகு சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. பீட்டர்கூட ஒலி அளக்கும் கருவியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

அரசப்பன் எம்பாரிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"இதுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. நான் போட்டது இல்ல இது. எனக்கு ஒரு எழவும் தெரியாது. எல்லாம் இந்தம்மா போட்டது. ஆரம்பத்துலேருந்து கடைசி வரிக்கும் இவங்கதான் எழுதுனாங்க."

ஹெலன் எழுந்து நின்றாள்.

"சார், மைக் கொயின்னு கத்துது. பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தபா சொல்லுங்க."

பின்வரிசையும் கேட்கவில்லை என்று ஒத்துழைத்தது. எத்தனையோ போன்கள் உயர்ந்தன. அரசப்பன் இன்னொரு தடவை, இன்னும் தெளிவாக, அவள் பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஹெலன் முன்னால் வந்து சபையை வணங்கினாள். தொழிலாளர் பக்கமிருந்து எழுந்த கைதட்டலில் ராபின் தட்டியது எது என்று அவளால் பிரித்துக் கேட்க முடிந்தது. பொருளாளரான பள்ளித் தாளாளர் கைதட்டவில்லை. நாளைக்குப் பள்ளியில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

எம்பார் அதிகாரி அம்மாவிடம் போய் அனைத்தையும் ஆங்கிலத்தில் வேறு மாதிரி, எல்லாம் திட்டமிட்ட வேடிக்கை என்று விளக்கிவிட்டார் போலும். அதிகாரி அம்மா எழுந்து நின்று, இசையமைத்தவரே நடத்தி இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றார். தலைவரும் மேடையிலேயே இருக்க வேண்டும் என்று அன்போடு சேர்த்துக்கொண்டார். மேடையைவிட்டு இறங்க ஒரு கால் வைத்திருந்த அரசப்பன் அந்தக் காலைத் திரும்ப எடுத்தார்.

ஹெலன் அவர் கோட்டுப் பையிலிருந்து குச்சியை எடுத்துக்கொண்டாள். பென்னியிடம் கையை நீட்டி, ட்ரையாங்கிள் என்கிற முக்கோண இரும்புக் கம்பியையும் அதைத் தட்டும் சின்னக் கோலையும் வாங்கி அவர் கையில் கொடுத்தாள்.

"கடைசி வரிசையில நின்னுக்குங்க சார். நான் கை காட்னா மட்டும் தட்டுங்க. ஒரே ஒரு தட்டு. முக்கியமான தட்டு. கண்ணை எடுக்காம என்னைப் பாத்துக்கினே இருங்க."

அவர் போய் பென்னியின் பக்கத்தில் நின்றார். பீட்டர் ஓடி வந்து அவர் தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார்.

வாத்தியக்காரர்கள் தாள்களைப் புரட்டினார்கள். அரசப்பன் வராத நாட்களில் ஒத்திகை பார்த்த, கழகத்தின் கை படாத தாள்கள் அடியில் இருந்தன. ஹெலன் குச்சியை உயர்த்தினாள். ரயில் வந்தது. புகை செல்லோவில் கறுப்பாகப் புரண்டது. வாய்க்கால் ஒவ்வொரு கம்பெனியாகத் தாண்டி நிறம் மாறிக்கொண்டே ஓடியபோது, அந்தந்தக் கம்பெனி ஆட்கள் எங்கள் கம்பெனி, எங்கள் கம்பெனி என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். வயலின்கள் அவள் தாளில் எழுதியபடியே இருந்தன. கேட்டுக்கொண்டிருந்த ஹெலனுக்கு மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது. கையை நிறுத்த முடியாததால் அப்படியே விட்டுவிட்டாள்.

கடைசி வரிசையில் அரசப்பன் கோலைக் கம்பிக்கு அருகே தயாராகப் பிடித்துக்கொண்டு, கண்ணிமைக்காமல் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கை இடப்பக்கம் போனது. வலப்பக்கம் போனது. அவர் பக்கம் வருவதுபோல் வந்து பென்னியோடு நின்றது. வீட்டுப் பக்கம் தேயும் ரயிலின் கடைசி ஓசை மண்டபத்தின் பின்சுவரைத் தொட்டு அடங்கும்வரை, ஹெலன் அவருக்குக் கை காட்டவே இல்லை.